செண்பகம் விலகிக்கொள்கிறாள்

காய்ச்சல் என்று சொல்லிவிடலாமா? சொல்லலாம்தான். ஆனால் காய்ச்சல்காரி எதற்கு முசிறியிலிருந்து திருச்சி வரைக்கும் பஸ்ஸில் குலுங்கிக்கொண்டு வந்தாய், கஞ்சியைக் குடித்துவிட்டுப் படுத்திருக்க வேண்டியதுதானே என்று கேட்டால் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு பதில் சொல்வது? வீட்டுக்காரருக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லலாம். அது எங்கேயும் எடுபடும். தாலுகா ஆபீஸாக இருக்கட்டும், பள்ளிக்கூடமாக இருக்கட்டும், எங்க வீட்டுக்காரருக்குப் பிடிக்கலைங்க என்று ஒரு பொம்பளை சொல்லிவிட்டால் எதிரில் இருப்பவன் அப்புறம் வாயைத் திறக்க மாட்டான், அதுக்கு மேல் ஒரு கோர்ட்டே கிடையாது. ஆனால் ரத்தினவேல் பாவம். அந்த மனுஷன் இந்நேரம் வாழை மண்டியில் தாருக்கு நடுவில் சருகு வைத்து லாரியில் அடுக்கிக்கொண்டிருப்பார், பெண்டாட்டி மண்ணச்சநல்லூரில் யாருக்கோ வளைகாப்பு என்று போயிருக்கிறாள் என்று நம்பிக்கொண்டிருப்பார். ஒரு பொய்யைக் காலையிலேயே அவர் தலையில் கட்டியாயிற்று, அடுத்த பொய்க்கும் அவரையே இழுத்துக்கொண்டு போவதா? தம்பிக்கு ஆபரேஷன் என்று சொன்னால்? தம்பியே கிடையாது. உனக்கு நாற்பத்தெட்டு வயசானதுக்கு அப்புறம் ஒரு தம்பியைப் பெற்றெடுக்கச் சொல்கிறாயா உன் அம்மாவை, என்று தவமணி தன்னையே திட்டிக்கொண்டு ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்தாள். பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. கம்பி ணங்கென்று இடித்தது. அந்தச் சத்தம், வேண்டாம், அந்தச் சத்தத்தைப் பற்றி இப்போது வேண்டாம். குணசீலம் இன்னும் வரவில்லை. காரணம் ஒன்று கிடைத்துவிட்டால் நிம்மதியாக ஒரு கண் தூங்கிவிட்டுக்கூடப் போகலாம்.

இத்தனைக்கும் காரணமே வேண்டாம் என்றுதான் அந்தக் காகிதத்தில் போட்டிருக்கிறது. மடியில் கிடக்கிற பையில், ரேஷன் கார்டு உறைக்குள், நான்காக மடித்து வைத்திருக்கிறாள். பங்கேற்பாளர் ஒப்புதல் படிவம் என்று தலைப்பு, அதற்குக் கீழே நம்பர் போட்டு ஏழு வரி, ஏழும் புரியாத தமிழ், ஆனால் ஆறாவது வரி மட்டும் புரிந்தது. ஆய்வேடு சமர்ப்பிக்கப்படும் நாள் வரை, எந்தக் காரணமும் கூறாமல், தாங்கள் இவ்வாய்விலிருந்து விலகிக்கொள்ளலாம். எந்தக் காரணமும் கூறாமல். போன வெள்ளிக்கிழமையிலிருந்து இந்த வரியை எத்தனை தடவை படித்திருப்பாளோ, ஒவ்வொரு தடவையும் ஏதோ ஏமாற்று வேலை என்றுதான் தோன்றியது. காரணம் சொல்லாமல் இவள் இந்த ஜென்மத்தில் எதிலிருந்து விலகியிருக்கிறாள்? அம்மா வீட்டுக்குப் போக ஒரு காரணம். போன இடத்தில் ஒரு நாள் கூடத் தங்கினால் அதற்கு ஒரு காரணம். தையல் யூனிட்டில் அரை மணி நேரம் முன்னால் கிளம்ப ஒரு காரணம், அதைச் சூப்பர்வைசரிடம் ஒரு தரம், வாட்ச்மேனிடம் ஒரு தரம். கல்யாண வீட்டில் பாயசம் வேண்டாம் என்று சொன்னால்கூட ஏன், சுகரா, என்னைக்கிலிருந்து என்று கேட்டுவிட்டுத்தான் இலையைத் தாண்டுவார்கள். சும்மா வேண்டாங்க என்று சொல்லிப் பாரேன், திமிர் பிடித்தவள் என்று ஊரே பேசும். அச்சில் இருக்கிறதுதான். ஆனால் அச்சில் என்னவெல்லாம் இருக்கிறது, பஸ்ஸில்கூடத்தான் படியில் நிற்காதீர் என்று அச்சடித்திருக்கிறது, படியில் ஆறு பேர் நிற்கிறார்கள். அதனால் கையில் ஒரு காரணத்தைத் தயாராக வைத்துக்கொண்டு போவதுதான் புத்திசாலித்தனம். நாளைக்குச் சாயங்காலம் நாலு மணிக்குள் காரியம் முடிந்தாக வேண்டும், நாலு மணிக்கு மகளிர் குழு கூடிவிடும், குழுத் தலைவி கோமளவல்லி அந்தப் புத்தகத்தை மடித்து வைத்த பக்கத்தில் பிரிப்பாள், அது செண்பகத்தின் பக்கம். செண்பகம் என்பது தவமணி.

பெனிட்டா நல்ல பெண். அதை மறுக்க முடியாது, மறுத்தால் நாக்கு அழுகிப்போகும். படுக்கையில் கிடக்கிறவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் பெண்களைப் பற்றி பிஎச்.டி. ஆராய்ச்சி செய்கிறேன் அக்கா என்று நாகர்கோவில் தமிழில் பாட்டுப் பாடுவது மாதிரி சொல்லிக்கொண்டு குழுவுக்கு வந்தாள், படிவத்தைக் கொடுத்தாள், குழுவில்தான் எந்தக் காகிதம் வந்தாலும் தீர்மான நோட்டு மாதிரி வட்டமாகச் சுற்றி வருமே, பன்னிரண்டு பேரும் பேச்சை நிறுத்தாமல் வரிசையாகக் கையெழுத்துப் போட்டு அடுத்தவள் மடியில் தள்ளினார்கள். தவமணியும் தள்ளினாள். தன் பங்குக் காகிதத்தை மட்டும் எடுத்து மடித்து வைத்துக்கொண்டாள், கையெழுத்துப் போட்ட எதையும் அவள் எறிவதில்லை. அப்புறம் அந்தப் பெண் வீட்டுக்கு வந்தாள், நாலைந்து தடவை வந்தாள், தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வாழைப்பூ ஆய்ந்தாள், நரம்பை எடுக்கத் தெரியாமல் விரலெல்லாம் கறை, போனை வாழைப்பூ மடலுக்குப் பக்கத்தில் வைத்து ரெக்கார்டு போட்டுவிட்டு, உங்க அத்தையைப் பத்திச் சொல்லுங்கக்கா என்றாள். அத்தையைப் பற்றி எல்லோருக்கும் சொல்கிற கதை ஒன்று இருந்தது, அதைத்தான் தவமணி சொன்னாள். வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சு போய்விட்டது, நாலு வருஷம், துணி மாற்றுவது, புரட்டிப் போடுவது, முதுகில் பவுடர், கூழைக் கரண்டியில் எடுத்து ஓரவாயில் விடுவது. கேட்டுவிட்டு அந்தப் பெண் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். கடைசி நாள் உங்களுக்கு எப்படி இருந்துச்சு அக்கா? அவங்களுக்கு இல்ல, உங்களுக்கு. அடிப்பாவி. மூன்று வருஷமாக ஒருத்தரும் கேட்கவில்லையே அதை. ரத்தினவேல் கேட்கவில்லை, மாலை வாங்கிக்கொண்டு வந்தவர்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் யாரிடமாவது ஏதாவது ஒரு பொய்யைச் சொல்லி அது பழகிப்போயிருக்கும். கேட்காததனால் உள்ளே அப்படியே கிடந்தது, கேட்டதும் மளமளவென்று வந்துவிட்டது.

வாத்தலை ஸ்டாப். யாரோ ஒருத்தி கூடையோடு ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தாள், கொத்தமல்லி வாசனை, ஈரம் இடுப்பில் பட்டது. அன்றைக்கும் இப்படி ஒரு ஈரம்தான். விடியற்காலையிலிருந்து மூன்று தரம் விரிப்பு மாற்றி, மூன்றையும் அலசிப் போட்டுவிட்டு, புடவை முழங்கால் வரைக்கும் நனைந்திருக்க, கொல்லையில் துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்தாள். கையில் காபி. அப்போதுதான் இறக்கியது, டிகாஷன் அன்றைக்கு என்னவோ கெட்டியாக இறங்கியிருந்தது, நுரை நின்றது. வெயில் கால் மேல் விழுந்தது. ஒரு வாய் குடித்தாள். உள்ளே கட்டிலிலிருந்து ணங் ணங் என்று சத்தம் வந்தது. அத்தைக்குப் பேச்சு போன நாளிலிருந்து எவர்சில்வர் டம்ளரால் கட்டில் கம்பியில் தட்டுவார்கள், தண்ணீருக்கு ரெண்டு தட்டு, மற்றதுக்கு நிறையத் தட்டு. ரெண்டு தட்டு. போயிருக்க வேண்டும். நாலு வருஷமாக ஒரு தட்டுக்கே எழுந்து ஓடியவள்தான், பாதிச் சோற்றில் ஓடியிருக்கிறாள், தலையில் சீயக்காயோடு ஓடியிருக்கிறாள். அன்றைக்கு எழுந்திருக்கவில்லை. இந்தக் காபியைக் குடித்துவிட்டுப் போகிறேன் என்று நினைத்தாள், வாய்விட்டுக்கூடச் சொன்னாளோ என்னவோ. மறுபடி ரெண்டு தட்டு. மறுபடி. அப்புறம் சத்தம் இல்லை. தூங்கிவிட்டார்கள் போல, நல்லது என்று நினைத்தாள். கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள், டம்ளரைக் கழுவினாள், கவிழ்த்து வைத்தாள், உள்ளே போனாள். அத்தை போயிருந்தார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் டம்ளர் கீழே கிடந்தது. அழுகை வரவில்லை. முதல் காரியமாகச் சொம்பிலிருந்து தண்ணீர் எடுத்து அந்த வாயில் விட்டாள், அது ஓரமாக வழிந்து தலையணையை நனைத்தது. அப்புறம்தான் கத்தினாள். நாமக்கல்லிலிருந்து நாத்தனார் சுலோச்சனா வந்து விழுந்து இவள் காலைக் கட்டிக்கொண்டு, எங்கம்மா வாயில கடைசித் தண்ணி ஊத்தின மகராசி நீதாண்டி, பெத்த மக எனக்குக் குடுத்து வைக்கலையே என்று அலறியபோது தவமணி ஆமாம் என்று தலையாட்டினாள். அந்தத் தலையாட்டல்தான் பொய். மூன்று வருஷமாக நல்லது கெட்டது எல்லாவற்றிலும் சுலோச்சனா அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், ஒவ்வொரு திதிக்கும் இவளுக்கு ஒரு புடவை எடுத்துவருகிறாள். அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கினேன் பாப்பா என்று பெனிட்டாவிடம் சொன்னாள். காபி நல்லாயிருந்துச்சு, சத்தியமா சொல்றேன், அவ்வளவு நல்ல காபியை நான் குடிச்சதே இல்ல என்றும் சொன்னாள். சொல்லும்போது அழுதாள், சிரிக்கவும் செய்தாள், எது முதலில் என்று நினைவில்லை.

அந்தப் பெண்ணும் அழுதது. பெயரை மாற்றிவிடுவேன் அக்கா, ஊரை மாற்றிவிடுவேன், யாருக்கும் தெரியாது என்று கையைப் பிடித்துச் சொன்னது. மாற்றத்தான் மாற்றியது, அதையும் குறை சொல்ல முடியாது. பன்னிரண்டு பேருக்கும் பூப்பெயர். முல்லை, கனகாம்பரம், தாழம்பூ, செண்பகம். முசிறியை ஆற்றோரத்துச் சிற்றூர் என்று எழுதியது. ஆனால் மெத்தப் படித்த பெண்ணுக்கு ஒன்று தெரியவில்லை. ஆய்வு முடிவை அதில் பங்கெடுத்தவர்களிடம் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும் என்று விதியாம், தமிழில் ஒரு சின்னப் புத்தகமாகப் போட்டு, ரெண்டு பிரதியைக் கோமளவல்லி கையில் கொடுத்துவிட்டு, எல்லாரும் படிச்சுப் பாருங்கக்கா என்று சொல்லிவிட்டுப் போய்விட்டது. குழுவில் வந்த காகிதத்தை யாராவது தனியாகப் படிப்பார்களா? கலெக்டர் ஆபீஸ் சுற்றறிக்கையாக இருந்தாலும் தலைவி சத்தமாகப் படிப்பாள், மற்றவர்கள் கேட்டு, சரி என்று நோட்டில் கையெழுத்துப் போடுவார்கள். அதுதானே பழக்கம். போன வெள்ளிக்கிழமை கோமளவல்லி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முல்லை என்று ஆரம்பித்தாள். ரெண்டாவது வரியில் ரெட்டைப் பிள்ளை என்று வந்ததும், ஏ இது நம்ம வசந்தாடி என்று ஒருத்தி கத்தினாள், ஒரே சிரிப்பு, கைதட்டல், டி.வி. போட்டி மாதிரி ஆகிவிட்டது. கனகாம்பரத்தை மூன்று வரியில் கண்டுபிடித்தார்கள். தாழம்பூ வந்தபோது, சக்கர நாற்காலியில் இருக்கிற புருஷன், நாய்க்குப் போடுகிற தட்டில் எனக்குச் சோறு போடச் சொன்னான் என்று கோமளவல்லி படித்துக்கொண்டே போனாள், வாய் படித்துவிட்டது, மனசுக்கு அப்புறம்தான் உறைத்தது. பிச்சம்மாள் என்று யாரும் கத்தவில்லை. எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பிச்சம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நேரமாச்சு என்று எழுந்து போனாள், ஒரு வாரமாகத் தெருக்குழாய்க்குக்கூட வரவில்லை, மகளை அனுப்புகிறாள். அடுத்தது செண்பகம், அதை அடுத்த வாரம் வெச்சுக்கலாம் என்று கோமளவல்லி பக்கத்தின் முனையை மடித்தாள். தலைப்பு மட்டும் தவமணியின் கண்ணில் பட்டது, கொட்டை எழுத்தில். காபி நல்லாயிருந்தது. நாலு வருஷப் படுக்கை, டம்ளர் தட்டு, நாமக்கல் நாத்தனார். யாரென்று கண்டுபிடிக்க ரெண்டு வரி போதாது? ஒரு வரி போதும். கோமளவல்லியின் தங்கையைக் கட்டிக்கொடுத்ததே நாமக்கல்லில்தான்.

டோல்கேட் தாண்டி, காவிரிப் பாலம் தாண்டி, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, காலேஜ் வாசலில் வாட்ச்மேன் எதற்கு என்று கேட்டபோது தவமணி சட்டென்று, பெனிட்டா மேடத்தோட சொந்தக்காரி என்றாள். பாரேன், இங்கேயும் ஒரு காரணம், எடுத்து நீட்டுகிற மாதிரி வாயில் எப்போதும் ஒன்று இருக்கிறது. மாடியில் சமூகப்பணித் துறை. பெனிட்டா வகுப்பில் இருக்கிறாள், பதினொன்றுக்கு வருவாள் என்றார்கள். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தாள். எதிர்ச் சுவரில் கடிகாரம், பத்து நாற்பது. எழுந்து போய்விடலாமா? பேசாமல் நாளைக்குக் கோமளவல்லி வீட்டில் நுழைந்து அந்தப் பக்கத்தைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டால்? போடலாம். ஆனால் இங்கே மெஷினில் இருக்குமே, அடுத்த மாசம் பெரிய புத்தகமாக வரும் என்று பெனிட்டா சொன்னாளே. அதுவும் தன்னுடையதைத் தானே ஏன் திருட வேண்டும்? இந்த நினைப்பு வந்ததும் தவமணிக்கு முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது. தன்னுடையதுதானே? அந்தக் கல், அந்த வெயில், அந்த ரெண்டு தட்டு, எல்லாம் இவள் பார்த்தது, இவள் கேட்டது. நான் கெட்டவளா என்று எத்தனை நாள் தலையணையில் முகத்தைப் புதைத்துக் கேட்டிருக்கிறாள், பதில் வந்ததில்லை, ஆனால் இந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது ஒன்று தெளிவாகத் தெரிந்தது, அந்தக் கேள்வியைக் கேட்கிற பாத்தியதை தனக்கு மட்டும்தான். கோமளவல்லிக்குக் கிடையாது. படித்துவிட்டு ஐயோ பாவம் என்று பென்சிலால் கோடு போடுகிறவர்களுக்கும் கிடையாது. ஆயிரத்து நானூறு நாள் ஓடினேன், ஒரு நாள் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததைச் சுலோச்சனாவிடம் ஒரு நாள் நானே சொன்னாலும் சொல்வேன், அவள் அடித்தாலும் வாங்கிக்கொள்வேன், சொல்லாமலே செத்தாலும் செத்துப்போவேன். எதுவானாலும் அது என் வாயிலிருந்து போகட்டும். ஆனால் பெனிட்டா? அந்தப் பெண் இதை நம்பித்தானே அத்தியாயம் எழுதியிருக்கிறது, ராத்திரி பகல் கண் விழித்திருக்குமே, இவள் வீட்டு வாழைப்பூக் கறை இன்னும் அதன் நகத்தில் இருந்தாலும் இருக்கும். பெற்ற பெண் மாதிரி கூட உட்கார்ந்து அழுததை எப்படி முகத்துக்கு நேராக, முடியாது, காய்ச்சல் என்றே சொல்லிவிடலாம். பத்து ஐம்பத்தைந்து.

பதினொன்றுக்குப் பெனிட்டா வந்தாள், அக்கா என்று ஓடிவந்து கட்டிக்கொண்டாள், விலகணும் பாப்பா என்று இவள் காதோடு சொன்னதும் கை தளர்ந்தது. தன் வழிகாட்டி செல்வநாயகம் சாரின் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். சார் வயசானவர், மரியாதையானவர், உட்காருங்கம்மா என்று நாற்காலியைக் காட்டினார், விஷயத்தைக் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இருபத்தாறு வருஷத்தில் இப்படி யாரும் வந்து விலகுகிறேன் என்று சொன்னதில்லையாம், அதற்கென்று தனியாகப் படிவமே அச்சடிக்கவில்லையாம், ஒரு கடிதமாக எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்று வெள்ளைத்தாளும் பேனாவும் நீட்டினார். கடிதமா, அதற்கென்ன, தவமணி எழுதாத கடிதமா? மகன் பள்ளிக்கூடம் போன பன்னிரண்டு வருஷமும் லீவு லெட்டர் எழுதியது இவள்தான். அனுப்புநர் போட்டாள், பெறுநர் போட்டாள், மதிப்பிற்குரிய ஐயா என்று எழுதிக் காற்புள்ளி வைத்தாள். கை தன்பாட்டுக்கு ஓடியது. எனக்கு உடல்நிலை சரியில்லாத காரணத்தால். அந்த இடத்தில் பேனா நின்றது. தவமணி அந்த வரியைப் பார்த்தாள். உடம்புக்கு என்ன? உடம்பு கல்லு மாதிரி இருக்கிறது. முப்பது வருஷமாக இந்தக் கை இந்த ஒரு வரியைத்தான் எழுதியிருக்கிறது, எதைக் கேட்டாலும் முதலில் சீக்காளி ஆகிவிட்டுத்தான் கேட்டிருக்கிறது. கன்னம் சூடானது. வெட்கமா கோபமா என்று தெரியவில்லை, கோபம்தான், கோபமேதான். சார், வேற தாள் குடுங்க என்றாள். இந்தத் தடவை மெதுவாக எழுதினாள். நான் இந்த ஆய்விலிருந்து விலகிக்கொள்கிறேன். எழுதிவிட்டுக் கீழே பார்த்தாள், தாளில் எவ்வளவு இடம் மிச்சம் கிடக்கிறது, வயல் மாதிரி. இன்னொரு வரி போடு போடு என்று கை பரபரத்தது. போடவில்லை. இப்படிக்கு, தவமணி என்று எழுதி, கடைசி எழுத்தின் சுழியை நன்றாக இழுத்துவிட்டாள்.

சார் வாசித்தார், பின்பக்கம் திருப்பிப் பார்த்தார், அங்கே ஏதாவது இருக்கும் என்று நினைத்தார் போல. பிறகு நயமாகத்தான் பேசினார். பெயரையெல்லாம் மாற்றியாயிற்றே, யாருக்குத் தெரியப்போகிறது, இந்த மாதிரி அனுபவம் வெளியே வந்தால்தானே நாலு பெண்களுக்கு நல்லது நடக்கும், உங்கள் பகுதிதான் இந்த ஆய்வுக்கே உயிர் என்றார். சொல்லிவிட்டு முன்னால் குனிந்து, என்னம்மா காரணம், எங்கிட்டச் சொல்லலாம், வீட்டில் ஏதாவது சொன்னாங்களா என்று கேட்டார். வந்துவிட்டது பார். தங்கத்தட்டில் வைத்து அவரே எடுத்துக் கொடுக்கிறார், ஆமாங்க வீட்டில்தான் என்று ஒரு வார்த்தை போதும், எழுந்து போய்விடலாம். தவமணி பையைத் திறந்தாள், ரேஷன் கார்டு உறையிலிருந்து காகிதத்தை எடுத்தாள், மேஜை மேல் பிரித்து மடிப்பை நீவிவிட்டாள், ஆறாவது வரிக்குக் கீழே விரலை வைத்தாள்.

"காரணம் சொல்ல வேண்டியதில்லைன்னு நீங்கதான் சார் எழுதிக் குடுத்திருக்கீங்க. அதைத்தான் நான் கேக்க வந்தேன்."

குரல் நடுங்கவில்லை. அதுதான் ஆச்சரியம், அவளுக்கே ஆச்சரியம், யாரோ மேடையில் பேசுகிற மாதிரி இருந்தது. சார் அந்த விரலைப் பார்த்தார், வரியைப் பார்த்தார். அவர் காது சிவந்தது. பேனாவை எடுத்து அவள் கடிதத்தின் மூலையில் பெறப்பட்டது என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டார், தப்பு எம்மேலதாம்மா, நான் கேட்டிருக்கக் கூடாது என்றார். ஒரு பெரிய மனுஷன் அப்படிச் சொல்வார் என்று தவமணி எதிர்பார்க்கவில்லை, என்ன செய்வதென்று தெரியாமல் பரவாயில்லைங்க என்றாள். பெனிட்டாதான் சுவரோரமாக நின்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். மற்றதெல்லாம் எடுத்துவிடுகிறேன், நாத்தனார், டம்ளர், எல்லாம், ஆனால் அந்தக் காபி, அந்த ஒரு வரி மட்டும் இருக்கட்டுமா அக்கா என்று கேட்டாள், கண் தளும்பி நின்றது. தவமணிக்கு நெஞ்சு ஒரு கணம் கரைந்தது, கொடுத்துவிடு, சின்னப் பெண், ஒரு வரிதானே என்றது. எதைக் கேட்டாலும் கொடுத்துப் பழகின நெஞ்சு அது.

"அந்த ஒரு வரிதான் பாப்பா என்னுது. மத்ததெல்லாம் எல்லா வீட்டுலயும் நடக்கறதுதான்."

பெனிட்டா தலையாட்டினாள். அழுதுகொண்டேதான் ஆட்டினாள், ஆனால் ஆட்டினாள். அதற்கப்புறம் தவமணிக்கு மளமளவென்று வேலை ஓடியது, குழுவில் கணபதி பூஜைக்கு ஆள் பிரிக்கிற மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னாள். போனில் இருக்கிறது அழியணும். கம்ப்யூட்டரில் இருக்கிறது அழியணும். கோமளவல்லியிடம் இருக்கிற ரெண்டு புத்தகமும் இன்றைக்கே திரும்பணும். செண்பகத்தின் பக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன் என்று பெனிட்டா ஆரம்பித்தாள். அட பைத்தியமே, ஒண்ண மட்டும் உருவினா அது யாருதுன்னு அந்த நிமிஷமே தெரிஞ்சு போகும், மொத்தத்தையும் வாங்கு, பூப்பேரும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், அடுத்த தரம் வந்தா அவங்கவங்க வீட்ல அவங்கவங்க காதுல மட்டும் படி என்று தவமணி சொன்னாள், பிச்சம்மாளுக்கு நடந்ததையும் சொன்னாள். பெனிட்டாவின் முகம் வெளுத்துப்போனது. சார் ஒரு தாளை எடுத்து, இவள் சொல்வதைக் குறித்துக்கொள்ள ஆரம்பித்தார். ஆமாம், அவர்தான், பேராசிரியர், தவமணி சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருந்தார். பெனிட்டா அங்கேயே கோமளவல்லிக்குப் போன் போட்டு, புத்தகத்தில் தப்பு நிறைய இருக்கிறது, சாயங்காலமே நான் வந்து வாங்கிக்கொள்கிறேன், அதுவரைக்கும் திறக்க வேண்டாம் என்றாள். கோமளவல்லி விடுவாளா, இன்னும் ஒன்பது பூ இருக்கே, நாளைக்கு எல்லாரும் ஆசையா வருவாங்களே என்று அந்தப் பக்கம் இழுத்தாள். வேண்டாங்கக்கா என்று பெனிட்டா சொன்ன விதத்தில் கோமளவல்லியே அடங்கிப்போனாள். பிறகு போனைத் தவமணியிடம் நீட்டினாள். திரையில் தேதி போட்டு ஒரு சின்னக் கோடு, நாற்பத்தொரு நிமிஷம். ஒரு தடவை கேட்டுட்டு அழிக்கறீங்களா அக்கா என்றாள். எதுக்கு, எனக்குத் தெரியாததா அதுல இருக்கு என்று தவமணி விரலால் அழுத்தினாள். நிச்சயமாக அழிக்கவா என்று கேட்டது. ஆம் என்று அழுத்தினாள். அது காரணம் கேட்கவில்லை.

படியிறங்கும்போது கால் தரையில் பாவவில்லை. சாயங்காலம் எப்படியும் வீட்டுக்காரர் வளைகாப்பு எப்படி இருந்தது என்று கேட்பார், திருச்சி போயிருந்தேன் என்று சொல்லிவிடலாம், எதுக்கு என்று கேட்டால் எனக்கு ஒரு வேலை இருந்தது என்று சொல்லலாம், சொல்லித்தான் பார்ப்போமே, வானம் இடிந்தா விழுந்துவிடும்? நாற்பத்தெட்டு வயசில் வயிற்றுக்குள் இப்படி ஒரு சிரிப்பு முட்டிக்கொண்டு வரும் என்று யார் கண்டது. வாசல் மரத்தடிக்கு வந்தபோது பின்னால் செருப்புச் சத்தம் தடதடவென்று கேட்டது. பெனிட்டா மூச்சிரைக்க வந்து நின்றாள், மூக்கு நுனி சிவந்திருந்தது, கையில் வழக்கம்போல அந்த நோட்டு, தோளில் பை, விரலுக்கு நடுவில் போன். எதையோ கேட்க வந்துவிட்டுக் கேட்காமல் நின்றாள், பிறகு மெதுவாக, நான் இனிமே வீட்டுக்கு வரலாமா அக்கா என்றாள். தவமணி அந்தப் பெண்ணை ஏற இறங்கப் பார்த்தாள். இந்தக் குழந்தையிடமா காய்ச்சல் என்று பொய் சொல்ல இருந்தோம் என்று இருந்தது.

"வா. நோட்டு, போனு ஒண்ணும் எடுத்தாராத. வெறுங்கையோட வா."

சத்திரத்தில் முசிறி பஸ் திரும்பி வந்து நின்றது. தவமணி ஏறி உட்கார்ந்தாள்.